கூரை யாருடையது?

(பாலிக் புலாவ் தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் பேசியது)



வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். ஆகையால்தான் இருட்டிலேயே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறோம். அதே வெயில் ஒரு தகட்டின்மேல் விழுந்தால் மின்சாரமாகிறது. வெயிலுக்கு யாரும் விலை கேட்பதில்லை. ஆனால் தகடு கூரைமேல் உட்கார வேண்டும். கூரை யாருடையதோ, பலனும் அவருடையதே.

நம் நாட்டில் 2011 டிசம்பரில் ஒரு திட்டம் தொடங்கிற்று. சூரிய மின்சாரம் தருபவருக்கு 21 ஆண்டுகள் கூடுதல் விலை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மின்கட்டணத்தில் 1 விழுக்காடு பிடித்தார்கள். 2014இல் அது 1.6 ஆயிற்று. மாதம் 300 யூனிட்டுக்கு மேற்போகாத வீடுகளை விட்டுவிட்டார்கள். அது நியாயம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பாட்டன் முதல் பேரன் வரை ஒரே வீட்டில் இருக்கும் குடும்பம் 300ஐத் தாண்டினால் கட்டித்தான் ஆக வேண்டும். முதல் போடக்கூடியவர் வாங்கிக்கொள்வார்! 2016இல் வந்த திட்டத்தில், கூரையில் மிஞ்சிய மின்சாரத்தைக் கட்டணத்தில் கழித்துக் கொள்ள முடிந்தது. அதற்கும் கூரை வேண்டியிருந்தது, தன் பெயரில் மீட்டர் வேண்டியிருந்தது. லயத்தில் இருக்கும் நமக்கு எது உண்டு?

கிராணிமார் கணக்குத்தான் பேசுவார்கள் என்று சிரிக்காதீர்கள். இன்னொரு கணக்கும் கேளுங்கள். கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஓடந்துறை என்றொரு ஊராட்சி. 2006இல் அந்த ஊரார் வங்கியில் கடன் வாங்கி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊர்ச்சொத்தாக நிறுத்தினார்கள். ஊரின் தேவை போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்பனையாயிற்று. அதே தமிழ்நாட்டில் கம்பெனிகளின் காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் சுழல்கின்றன. காற்று ஒன்றுதான், பேரேட்டில் உள்ள பெயர் வேறு.

நமக்கு இது புதிதல்லவே! தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960இல், சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டம் வாங்கிய கைகளால் பத்துத் தகடு வாங்க முடியாதா?

முதலில் நம் சங்கக் கட்டடத்தின் கூரையைப் பார்ப்போம். லயத்துக் கூரைகளைப் பற்றி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் மின்கட்டணச் சீட்டைக் கொண்டு வாருங்கள். அது யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.