மூடின டப்பாவுக்குள் வண்டு வந்த கதை

2020 மார்ச் 24, ராத்திரி எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவிச்சாங்க. அடுத்த பத்தாவது நிமிஷம் நான் மளிகைக் கடை வாசல்ல நின்னேன். வீட்டில ரெண்டே பேர். வாங்கினது ரெண்டு மூட்டை அரிசி!

மே மாசம் டிரம்மைத் திறந்தா, உள்ளே கறுப்பு கறுப்பா வண்டு ஊருது. இறுக்கி மூடித்தானே வெச்சோம், எப்படி வந்தது? வரவே இல்லைங்க. கூடவே வாங்கிட்டு வந்திருக்கேன். தாய் வண்டு அரிசியில துளை போட்டு, முட்டை வெச்சு, பசை மாதிரி ஒண்ணால அதை அடைச்சிடும். கண்ணுக்கே தெரியாது. புழு உள்ளேயே தின்னு வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாசத்துல வண்டா வெளியே வரும். சீக்கிரம் சமைச்சுத் தீர்த்திருந்தா தப்பிச்சிருப்பேன்.

அப்போ பாட்டி காலத்துல வருஷத்துக்கே சேர்த்து வெச்சாங்களே? வெச்சாங்க, ஆனா நெல்லா! உமி இருக்கற வரைக்கும் வண்டுக்கு உள்ளே போறது கஷ்டம். குதிர்லேர்ந்து தேவைக்கு அள்ளி, அவிச்சு, அப்பப்ப குத்திக்குவாங்க. துவரைக்குச் செம்மண் பூசிக் காயவெச்சாங்க. நான் பிளாஸ்டிக் டிரம்மை நம்பினேன்.

மொட்டை மாடியில வேட்டியை விரிச்சு அரிசியைக் கொட்டி, வெயில்ல உட்கார்ந்தேன். பக்கத்து மாடியிலேர்ந்து குரல்: "என்ன சார், வடாமா?"

"ஆமாங்க"ன்னுட்டேன்.