விளக்கு தூக்கின பையன்



பலாச்சுளைக்குப் பேர்போன பண்ருட்டியில, வாசகர் வட்டத்து நண்பர்கள் எனக்கு 'கடவுள் நம்பிக்கை: ஏன் உண்டு, ஏன் இல்லை'ன்னு தலைப்புக் கொடுத்திருக்காங்க. நாற்பது நிமிஷம் நேரம். அய்யா, இது ஆயிரம் ஆயிரம் வருஷமா வாய்தா வாங்கிட்டே இருக்கிற வழக்கு. அதுக்கு என்னை நாற்பது நிமிஷத்துல தீர்ப்புச் சொல்லச் சொல்றாங்க. தீர்ப்பு முடிஞ்சதும் சாப்பாடாம். சாம்பார் வாசனை இப்பவே மேடை வரைக்கும் வருது. நியாயம் பேசறது கொஞ்சம் கஷ்டம்தான்.

முதல்ல மைக் செட் அண்ணனுக்கு ஒரு வணக்கம். பேரு சொல்லமாட்டேன். சொன்னா ஒயரைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடுவார். மார்கழி மாசம் காலையில நாலரை மணிக்குப் பெருமாள் கோயில்ல பாட்டுப் போடுதே ஒரு குழாய், அது அவர் குழாய். சர்ச் திருவிழாவுக்கு அவர் ஆம்ப்ளிஃபையர். மீலாது விழாவுக்கும் அவர்தான். கறுப்புச்சட்டைக்காரங்க கூட்டம் போட்டா அதுக்கும் அவர்தான், ஆனா அதுக்கு மட்டும் வாடகை வாங்கமாட்டார். ஏன்னா அவரே கறுப்புச்சட்டை! இருங்க, இருங்க, கையை மிச்சம் வெச்சுக்குங்க. அவர் கதை பின்னாடி வருது. நான் விட்டாலும் அது என்னை விடாது.

இப்ப எங்க வீட்டுக் கதை ஒண்ணு. எங்க அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, முருக பக்தர். தினமும் காலையில அஞ்சு மணிக்குக் குடும்பத்து வாட்ஸ்அப்ல ஒரு முருகன் படம் போடுவார். பையன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. ஒரு நாள் அவன் கேட்டான்: 'அப்பா, தினம் படம் போடறீங்களே, பெட்ரோல் விலை குறைஞ்சுதா?' மாமாவுக்கு வந்தது பாருங்க கோபம்! உடனே யாரோ அனுப்பினதை எடுத்து அனுப்பினார். திருநள்ளாறு கோயிலுக்கு மேல பறக்கிற சாட்டிலைட் எல்லாம் மூணு விநாடி நின்னு கும்பிட்டுட்டுப் போகுதுன்னு நாசா ஒத்துக்கிட்டதாம். உங்களுக்கும் வந்திருக்குமே? சிரிக்கிறீங்க, வந்திருக்கு! பையன் விடுவானா? அது பொய்னு நாலு ஆதாரத்தை எடுத்துப் போட்டான். போட்டவன் சும்மா இருந்திருக்கலாம். கூடவே ஒரு சிரிக்கிற பொம்மையும் போட்டான். ஆதாரத்தைக்கூட மாமா தாங்கிக்கிட்டார். அந்தப் பொம்மையைத் தாங்க முடியலை. குழுவை விட்டு வெளியே போயிட்டார். அந்த வருஷம் தீபாவளிக்குப் பையன் வரலை.

அக்கா எனக்குப் போன் பண்ணி அழறா. 'தம்பி, சாமி இருக்கோ இல்லையோ, எம்புள்ள வீட்டுக்கு வரலடா.'

இதுக்கு எந்தத் தத்துவத்துல பதில் இருக்குன்னு யாராவது சொல்லுங்க.

இப்படி வீட்டுக்கு வீடு எரியிற அடுப்புல யார் எண்ணெய் ஊத்தறாங்க? பேர் சொல்லமாட்டேன். ஒரு பேச்சாளர் இருக்கார். சனிக்கிழமை விழுப்புரத்துல பட்டிமன்றம், 'கடவுள் உண்டு' அணிக்குத் தலைவர். உருகினார் பாருங்க, முன்வரிசைப் பாட்டிங்க எல்லாம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை திண்டிவனம். அங்கே 'கடவுள் இல்லை' அணிக்குத் தலைவர்! நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார் கூட்டேரிப்பட்டு தாண்டறப்ப கடவுள் இறங்கிட்டார் போலிருக்கு. மயிலத்துக்குப் போற பஸ்ஸுக்கு அங்கேயே நின்னுட்டார்!

சிரிங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், மனசாட்சி குத்துது. நானும் அந்தக் காலத்துல ஐநூறு ரூபாய்க்கு ரெண்டு பக்கமும் பேசினவன்தான். எந்தப் பக்கத்துக்குக் கைதட்டல் அதிகமோ அந்தப் பக்கம் உண்மைன்னு நினைச்ச வயசு அது. ஆனா அவருக்கு இப்ப அறுபது வயசு! சரி, விடுங்க. அவர் பேச்சு இனி வேண்டாம்.

பட்டிமன்றம்னு சொன்னேனே, அந்தச் சொல்லுக்கு வயசு என்ன தெரியுமா? மணிமேகலைக்குப் போவோம். எந்த நூற்றாண்டுன்னு புலவர்கள் சண்டை போட்டுக்கட்டும், நமக்கு வேண்டாம். காவிரிப்பூம்பட்டினத்துல இந்திர விழா, இருபத்தெட்டு நாள் நடக்கும். யானை மேல முரசை ஏத்தி ஒருத்தன் ஊர் பூரா அறிவிச்சுக்கிட்டே போறான். தெருவைப் பெருக்குங்க, புதுமணல் பரப்புங்க, தோரணம் கட்டுங்கன்னு சொல்லிட்டு வர்றவன், நடுவுல என்ன சொல்றான்? அவங்கவங்க சமயத்தைப் பேசி வாதம் பண்றவங்க எல்லாம் பட்டிமண்டபத்துல முறைப்படி ஏறிப் பேசுங்கங்கிறான். அடுத்த வரி என்ன? உங்களுக்குப் பிடிக்காதவன் எதிர்ல வந்தாலும் பகை வேண்டாம், சண்டை வேண்டாம், ஒதுங்கிப் போயிடுங்க! வாதத்துக்கு அழைப்பும் சண்டைக்குத் தடையும் ஒரே முரசுல! எங்க மாமா வீட்டுல அந்த முரசு இல்லையே அய்யா!

அதே காப்பியத்துல இன்னொரு இடம். மணிமேகலை வஞ்சி மாநகரத்துக்குப் போறா. வைதிகன், சைவன், வைணவன், ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் உங்க கொள்கை என்னன்னு கேக்கறா. கடைசியில ஒரு பூதவாதி. அந்தக் காலத்து நாத்திகன். அவன் பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆத்திப்பூவையும் வெல்லத்தையும் போட்டுக் கலந்தா போதை பிறக்குது இல்லையா, அது மாதிரி பூதங்கள் கூடினா உணர்வு பிறக்குது. பிரிஞ்சா, பறையில எழுந்த சத்தம் மாதிரிப் போயிடுது. கண்ணால கண்டது மட்டும்தான் உண்மைங்கிறான். மணிமேகலைக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னா அவளுக்குத் தன் போன பிறவி தெரியும். அவன் விடலை. 'தெய்வம் பிடிச்சு மயங்கினவங்க, கனாக் கண்டவங்க பேச்சு இது'ன்னான். அவ கேட்டா: உங்க அப்பா அம்மா யாருன்னு ஊகத்தால அல்லாம வேற எப்படிய்யா தெரிஞ்சுக்கிட்ட?

அவ்வளவுதான். சிரிச்சா, கேட்டா, நகர்ந்தா. கழுமரம் இல்லை. கேஸ் இல்லை. அந்தக் காதையோட பேரைப் பாருங்க. சமயக்கணக்கர் தம் திறம் *கேட்ட* காதை. வென்ற காதைன்னு வெக்கலை அய்யா, காப்பியம் பாடின சாத்தனார்! வாதத்துக்கு நாவல் கிளையை நட்டுவெச்சுச் சவால் விட்ட குண்டலகேசி கதையும் நம்மகிட்ட இருக்கு. மதுரையில அனலும் புனலும் வெச்சு வாதாடித் தோத்த சமணர்கள் கழுவேறினதாப் பெரியபுராணம் சொல்ற கதையும் இருக்கு. அது வேற ரகம். ராத்திரி நேரத்துல அதைப் பேச வேண்டாம்.

நம்ம மாவட்டத்துக்கே வருவோம். மஞ்சக்குப்பம் கோர்ட்டு. 1869. ஒரு பக்கம் வடலூர் வள்ளலார். எதிர்ப்பக்கம் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். நாவலர் யாரு? பெர்சிவல் பாதிரியார்கூட உட்கார்ந்து பைபிளைத் தமிழ்ல கொண்டுவர உதவி பண்ணினவர். அந்த வேலையை முடிச்சுட்டு எழுந்து சைவத்தைக் காக்கப் பேனாவைத் தூக்கினவர். அடுத்தவன் வேதத்தை அட்சரம் அட்சரமாப் படிச்சுட்டு வாதத்துக்கு வந்த மனுஷன்! இன்னிக்கு வாதம் பண்றவன் தன் வேதத்தையே படிக்கிறதில்லை.

சண்டை எதுக்கு? வள்ளலார் பாட்டு அருட்பாவா, மருட்பாவா? 'போலியருட்பா மறுப்பு'ன்னு நாவலர் எழுதினார். கோர்ட்டுல வள்ளலார் உள்ளே நுழைஞ்சப்ப எல்லாரும் எழுந்து நின்னாங்க, நாவலரும் எழுந்து நின்னார்னு நம்ம பக்கத்துப் பாட்டிங்க சொல்லுவாங்க. ஆவணம் இருக்கான்னு கேக்காதீங்க, பாட்டிங்ககிட்ட ஆவணம் கேக்கக்கூடாது. வள்ளலார் 1874-ல சித்தி வளாகத்துல கதவைச் சாத்திக்கிட்டார். நாவலர் 1879-ல காலமானார். சண்டை நின்னுதா? அதுக்கப்புறமும் கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கம், மறைமலையடிகள் ஒரு பக்கம். அந்த நூற்றாண்டு முடிஞ்சு அடுத்த நூற்றாண்டுக்கும் போயிடுச்சு. புத்தகத்துக்குப் புத்தகம், மறுப்புக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்புக்கு மறுப்பு! வாட்ஸ்அப் இல்லாத குறை ஒண்ணுதான்.

அத்தனை காகிதத்துல இன்னிக்கு எதை யார் படிக்கிறாங்க? ஆராய்ச்சிக்காரங்க படிக்கிறாங்க, வாழ்க. ஆனா 1867-ல வள்ளலார் வடலூர்ல ஒரு அடுப்புப் பத்தவெச்சாரே, அது இன்னும் எரியுது. இங்கேயிருந்து பஸ் ஏறினா நேராப் போய் உட்கார்ந்து சாப்பிடலாம். உன் மதம் என்னன்னு கேக்கமாட்டாங்க.

பசின்னு சொன்னதும் இன்னொருத்தர் ஞாபகத்துக்கு வர்றார். 1904. ஈரோட்டுல வசதியான வீட்டுப் பிள்ளை, அப்பாகிட்டக் கோபிச்சுக்கிட்டுக் காசிக்குப் போறார். கையில காசு தீர்ந்துபோச்சு. சத்திரத்துல சாப்பாடு உண்டு, ஆனா பிராமணர்களுக்கு மட்டும். பூணூல் ஒண்ணைப் போட்டுக்கிட்டு உள்ளே நுழையப் பார்த்தார். மீசை காட்டிக் கொடுத்துடுச்சு! வாசல்காரன் பிடிச்சு வெளியே தள்ளினான். பசி தாங்காம வெளியே வந்து விழுந்த எச்சில் இலையில சாப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தா, அந்தச் சத்திரத்தைக் கட்டினவர் தெற்கேயிருந்து வந்த ஒரு பிராமணர் அல்லாத வணிகர்! பெரியார் வாழ்க்கை வரலாற்றுல எல்லாரும் எழுதற சம்பவம் இது.

இப்படிப் பாருங்களேன். வடலூர்ல ஒருத்தர், ஊரான் பசியைப் பார்த்துக் கடவுள்கிட்டப் போனார். காசியில ஒருத்தர், தன் பசியோட கடவுள்கிட்டயிருந்து வெளியே வந்தார். மணிமேகலை அத்தனை சமயக் கணக்கையும் கேட்டாளே, அவ கையில இருந்தது அமுதசுரபி! நம்ம ஊர்ல கடவுள் கேள்வி எங்கே சுத்தினாலும் கடைசியில இலைக்குத்தான்யா வந்து நிக்குது!

நன்றி, நன்றி. இப்பத் தட்டலாம்.

கூட்டத் தலைவர் சீட்டு அனுப்பிட்டார். 'சுருக்கவும்'. சுருக்கறேன்.

2011 கணக்கெடுப்புல இந்தியாவுல மதம் எதுன்னு சொல்லாதவங்க 28 லட்சத்துக்கு மேல. எல்லாரும் நம்ம ஆள்னு ஒரு பக்கம் மார்தட்டறாங்க, கணக்கெடுக்க வந்தவர் தப்பா எழுதிட்டார்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க. அந்த 28 லட்சத்துல ஒருத்தர்கிட்டயாவது 'எப்படிங்க இங்கே வந்து சேர்ந்தீங்க'ன்னு யாராவது கேட்டாங்களா?

நான் ஒரு தடவை கேட்டேன். கேட்ட இடம் தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலையில வந்த அலையை இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. நம்ம மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல. சில வருஷம் கழிச்சு அங்கே மாமன் மச்சான் ரெண்டு பேரைப் பார்த்தேன். ஒரே படகுல தொழில் பண்றவங்க. ஒருத்தர் சம்சாரத்தைப் பறிகொடுத்தவர். அன்னிக்கு ராத்திரியோட வீட்டுல விளக்கு ஏத்தறதை நிறுத்திட்டார். 'எங்கம்மா கடலம்மான்னு கும்பிட்டா. கும்பிட்ட அம்மா பண்ற வேலையா இது?'ன்னார். இன்னொருத்தர் மகளைப் பறிகொடுத்தவர். அதுவரைக்கும் கோயில் பக்கமே போகாதவர், அதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை விடறதில்லை. 'அவ எங்கேயாவது இருக்கணும்ல அய்யா?'ன்னார்.

அலை ஒண்ணுதான். இவர் போனார், அவர் வந்தார். இப்போ நம்ம பட்டிமன்றத்துக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போய் இவங்க ரெண்டு பேர் நடுவுல நிறுத்துங்க பார்ப்போம்! (அவர் பேச்சு வேண்டாம்னு நானே சொன்னேன், மறந்துட்டேன்.) அந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வாதத்துக்குக் கூப்பிடலை. இன்னிக்கும் ஒரே வலையைத்தான் இழுக்கறாங்க.

சரி, அண்ணன் கதை. அங்கேயிருந்து கையை ஆட்டறார், சொல்லாதேங்கிறார். சொல்லாம எப்படி இறங்கறது?

முப்பது வருஷம் அவர் மைக்குல பேசியிருக்கேன். கடவுள் இல்லைங்கிறதுக்கு அவர் நூறு காரணம் சொல்வார். நூறையும் கேட்டிருக்கேன். ஆனா இது எங்கே ஆரம்பிச்சதுன்னு போன வருஷம்தான் கேட்டேன். அவருக்குப் பன்னண்டு வயசு. சாமி ஊர்வலத்துக்குத் தலையில பெட்ரோமாக்ஸ் விளக்குத் தூக்கற வேலை. சும்மாட்டுக்கு மேல விளக்கு, காது ரெண்டும் கொதிக்குது. நாலு வீதி சுத்தி மண்டபத்துக்குச் சாமி வந்து சேர்ந்தது. எல்லாருக்கும் உள்ளே புளியோதரை. விளக்கை மட்டும் உள்ளே வாங்கிக்கிட்டாங்க. தூக்கிட்டு வந்த பசங்க வெளியே நில்லுங்கன்னுட்டாங்க. சாமிக்கு நாலு வீதியும் வெளிச்சம் காட்டின பையன் அய்யா, இருட்டுல நிக்கறான்! உள்ளேயிருந்து வாசனை வருது.

'உடனே சாமி மேல கோபம் வந்துச்சாண்ணே?'ன்னேன். 'இல்லப்பா. அன்னிக்குப் பசிதான் வந்துச்சு. கோபம் பத்து வருஷம் கழிச்சு வந்துச்சு. காரணமெல்லாம் அதுக்கப்புறம் படிச்சுக்கிட்டேன்'னார்.

அதே கோயில் திருவிழாவுக்கு இன்னிக்கும் அவர்தான் சீரியல் செட், அவர்தான் குழாய், அவர்தான் ஜெனரேட்டர். ஏண்ணே, அவங்களுக்கே கட்டறீங்களேன்னு அவர் கட்சிக்காரங்களே திட்டறாங்க. வாடகை பேசறப்ப அவர் ஒரு நிபந்தனை போடுவார். ஆயிரம் ரூபாய் வேணும்னா குறைச்சுக்குங்க, டியூப்லைட் வண்டி தள்ளற பசங்களுக்கு முதல் பந்தி. தர்மகர்த்தா ஒத்துக்கிட்டாத்தான் ஒயர் இழுப்பார். தர்மகர்த்தாவும் ஒத்துக்கிட்டார். போன பங்குனியில நானே பார்த்தேன். மண்டபத்துக்குள்ள பசங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, அவர் கறுப்புச்சட்டையோட வாசல்ல நின்னு எண்ணிக்கிட்டிருக்கார், யாராவது விட்டுப்போயிட்டாங்களான்னு.

அடுத்த சீட்டும் வந்துடுச்சு. இதுல 'இலை போட்டாச்சு'ன்னு எழுதியிருக்கு. அண்ணே, மைக்கை அணைச்சுட்டு வாங்க, உங்களை விட்டுட்டு நான் உட்காரமாட்டேன். மாமாவும் அந்த மூலையில உட்கார்ந்திருக்கார், பையனும் பெங்களூர்லயிருந்து வந்திருக்கான். ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல இலை போடச் சொல்லியிருக்கேன். என்ன பேசிக்குவாங்கன்னு தெரியலை.