வானம் பொய்த்தாலும் சட்டம் பொய்க்கலாகாது
(பாசிக்குடாவில் நடைபெற்ற விவசாயிகள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பாசிக்குடாக் கடல் காண்போர் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆயினும் இக்கடலுக்கு முதுகைத் திருப்பி, மேற்கே கிரானைத் தாண்டிப் படுவான்கரைக்குச் சென்று பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெடித்த வயலின் புழுதி எழுந்து, கூரையிலும் உலைப்பானையிலும் படிகிறது. மாரி பொய்த்த ஆண்டில் புழுதியன்றி வேறெதுவும் அவ்வயல்களில் விளைவதில்லை.

2016ஆம் ஆண்டின் கடைசியில் வடகீழ்ப் பருவமழை பொய்த்ததை நாம் மறந்துவிடவில்லை. 2016இல் சுமார் 44 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல், 2017இல் சுமார் 24 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. குளத்து நீரைக் காணாத மானாவாரி வயல்காரர் விதைநெல்லையும் இழந்தனர். அக்கடன் தீருமுன் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடை நீங்கியது; அதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. 2022 ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94ஐயும் தாண்டிற்று. உழவு இயந்திரத்துக்கு டீசல் தேடி நம்மவர் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர்.

இங்கே ஒன்றைச் சிந்தியுங்கள். அரசாங்கம் தன்னால் இயலாதென்றபோது கடன் கொடுத்தோர் அமர்ந்து பேசினர். படுவான்கரைத் தாயொருத்தி இயலாதென்றபோது, வாரந்தோறும் வசூலிக்க வருபவர் அவள் வாசலிலேயே அமர்ந்தார். இது எந்த ஊர் நியாயம்?

1930களில் அமெரிக்காவிலும் பொருளாதார மந்தமும் வறட்சியும் ஒருங்கே வந்தன. 1935 ஏப்ரல் 14ஆந் திகதி எழுந்த புழுதிப் புயல் பகலை இரவாக்கியது. அம்மாதமே மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன்னரே, 1933இல், மினசோட்டா மாநிலம் ஈட்டுக்காகப் பண்ணைகளையும் வீடுகளையும் பறிப்பதைத் தாமதப்படுத்தச் சட்டமியற்றியது. 1934இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அதனைச் செல்லுபடியாக்கியது. ஒப்பந்தம் புனிதமானதே, பேரிடர்க் காலத்தில் அதன் கடுமையைத் தணிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டிலும் 1941ஆம் ஆண்டின் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் உண்டு. ஆனால் அதன் பார்வை முதன்மையாக நிலத்தைப் பிணைவைத்த கடன்மீதே விழுகிறது. பெண்கள் ஒருவருக்கொருவர் பிணைநின்று பெறும் நுண்கடனுக்கு அது எட்டாது. 2018இல் வறட்சி தாக்கிய 12 மாவட்டங்களின் பெண்களுக்கு, ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. ஆண்டு வட்டிக்கு உச்சவரம்பும் வந்தது. நன்று. எனினும் அது ஒருமுறை காட்டப்பட்ட கருணை. அடுத்த வறட்சிக்கு அதனால் பயனில்லை.

சட்டத்தரணிகளாகிய நாமும் குற்றமற்றவரல்லர். மீட்டுக்கொள்ளும் நிபந்தனையுடன் வயலைக் கைமாற்றும் உறுதிகளை எழுதியது நம் கைதானே? தவணை தவறினால் வயல் மீளாதென்பதை, கையொப்பமிடுமுன் எத்தனை பேருக்கு எடுத்துரைத்தோம்? இனி உரைப்போம். வாசித்து விளங்காத எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள்.

நம் கோரிக்கைகள் இவை. வறட்சி அறிவிக்கப்பட்ட பிரிவில் அப்போகத்துக்குக் கடன் அறவீடு சட்டப்படி தானாகவே நிற்கவேண்டும். அக்காலத்தில் வட்டிக்கு வட்டி ஏறலாகாது. பயிர்க் காப்புறுதிப் பணம் அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வரவேண்டும். குளக்கட்டுகளும் வாய்க்கால்களும் மாரிக்கு முன் திருத்தப்படவேண்டும்.

நிவாரண அரிசிக்காக வரிசையில் நிற்பவன் பிச்சைக்காரன் அல்லன். நாட்டுக்குச் சோறு போட்டவன். மழையைச் சட்டத்தால் பெய்விக்க இயலாது. மழை பெய்யும்போது உழவனிடம் வயல் இருக்கும்படி செய்யச் சட்டத்தால் இயலும். அந்தச் சட்டத்தைக் கேட்டுப் பெறுவோம்.