கம்பெனியின் சாவி யார் கையில்?

(வெள்ளி விழா இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்விச் சங்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பி வந்துள்ளது. அவர்களுள் சிலர் இன்று, "வேலை தேடுவதோடு நில்லாமல் வேலை தரும் தொழிலொன்றைத் தொடங்கலாமா?" என்று வினவுகின்றனர். லிமிடெட் கம்பெனி அமைக்க எந்த இணையச் சேவையை நாடுவது என்ற கேள்வியும் உடன் வருகின்றது. அதற்கு விடை காண முயல்வோம்.

லிமிடெட் கம்பெனி என்பது யாது? சட்டத்தின் கண்ணில் அது தனியோர் ஆள். அதன் கடன் அதனுடையதே. பங்குதாரரின் பொறுப்பு, அவர் பங்கிற்குச் செலுத்த ஒப்புக்கொண்ட தொகையோடு முடிகின்றது. இக்கொள்கையை நிலைநாட்டியது, இலண்டன் பிரபுக்கள் சபை அளித்த சாலமன் வழக்குத் தீர்ப்பாகும். அது 1897ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளியாயிற்று. அந்தச் சாலமன் யார்? தோல் பாதணி செய்து விற்றவர். தோல் தொழிலைத் தலைமுறையாக அறிந்தோர் நம்மிடையே பலர் உண்டு. அத்தகையோர் அவ்வழக்கை அறிந்திருத்தல் நன்று.

ஆயினும் இக்கவசத்திற்கும் ஓர் எல்லையுண்டு. கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி, இயக்குநரின் தனிப் பிணையையும் கேட்பது வழக்கம். அதில் ஒப்பமிட்டால், அக்கடனளவில் நம் வீடும் நிலமும் பொறுப்பாகிவிடும்.

சேவையைத் தேடுமுன், கம்பெனிதான் வேண்டுமா என்று எண்ண வேண்டும். ஒருவர் நடத்தும் சிறு கடைக்குத் தனியுரிமைத் தொழிலே போதும். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு உறுப்பினர் இருவரும் இயக்குநர் இருவரும் வேண்டும். அவ்விருவரே இவ்விருவராகவும் இருக்கலாம். விற்றுமுதல் எவ்வளவு குறைவாயினும் ஆண்டுதோறும் ஆடிட்டர் தணிக்கை கட்டாயம். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் எல்.எல்.பி. என்னும் கூட்டாண்மைக்கோ, விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயையோ முதலீடு 25 இலட்சத்தையோ தாண்டினால்தான் தணிக்கை கட்டாயமாகும். "உனக்குக் கம்பெனி தேவையில்லை" என்று சொல்லத் துணியும் சேவையாளரே முதல் மதிப்பெண் பெறுபவர்.

கம்பெனியைப் பதிவு செய்வது அரசே, இணையச் சேவையன்று. மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2020இல் கொணர்ந்த 'ஸ்பைஸ் பிளஸ்' விண்ணப்பத்திலேயே பெயர், பதிவு, பான் எண் யாவும் அடங்கும். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 இலட்சம் வரையாயின் மத்திய அரசின் பதிவுக் கட்டணமும் இல்லை. பெயர் ஒதுக்கீட்டிற்கு 1,000 ரூபாயும் மாநில முத்திரைத் தீர்வையும் உண்டு. இடையிலுள்ள சேவையாளர் நம்மிடம் பெறுவது தம் உழைப்பின் ஊதியமே. சென்னையில் தோன்றிய இந்தியாஃபைலிங்ஸ் முதலாக இத்துறையில் பலர் உளர். இன்னாரிடம் செல்க என்று சொல்வது எம் நோக்கமன்று. யாரிடம் சென்றாலும் நான்கு வினாக்களைக் கேளுங்கள் என்பதே எம் வேண்டுகோள்.

முதல் வினா: கட்டணத்தில் எவையெவை அடங்கும்? அரசுக்குச் செல்வதையும் தமக்குப் பெறுவதையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். விளம்பரத்தின் சிறு தொகை, முடிவில் பலமடங்கு ஆகாதிருக்க இதுவே வழி.

இரண்டாம் வினா: ஒப்பமிடுபவர் யார்? பதிவு ஆவணத்தில் வழக்கறிஞர், ஆடிட்டர், கம்பெனிச் செயலர், அடக்கவிலைக் கணக்கர் ஆகியோருள் ஒருவர் உறுதிமொழி அளித்தல் வேண்டும் என்பது சட்டம். அவர் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் கேட்டறியுங்கள். இணையப் பக்கத்தின் பின்னே பொறுப்பேற்கும் மனிதர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

மூன்றாம் வினா: பதிவுக்குப்பின் யார் துணை? முதல் ஆடிட்டரை 30 நாளில் நியமிக்க வேண்டும். பங்குத்தொகை செலுத்தப்பட்டதைக் காட்டும் தொழில் தொடக்க அறிவிப்பை 180 நாளுள் தர வேண்டும். ஆண்டு அறிக்கைகள் தவறினால், படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். தொழிலே நடவாவிடினும் இக்கடமை நீங்காது. மூன்று நிதியாண்டுகள் தொடர்ந்து தவறினால், இயக்குநர் ஐந்தாண்டுகளுக்குத் தகுதியிழப்பார். 2017இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் இவ்வாறு தகுதியிழந்தனர் என்பதை மறவாதீர்.

நான்காம் வினாவே தலையாயது: சாவி யார் கையில்? இயக்குநரின் டிஜிட்டல் கையொப்பம், விரலளவே உள்ள டோக்கனில் அடங்கியிருக்கும். வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுப் பிறரிடம் கொடுப்போமா? டோக்கனையும் அதன் கடவுச்சொல்லையும் முகவரிடமே விட்டுவைப்பது அதற்கு ஒப்பாகும். பதிவில் இடும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் நம்முடையனவாக இருத்தல் வேண்டும். அவை முகவருடையனவாயின், அரசின் அறிவிப்பு அவரைச் சேரும், நம்மைச் சேராது.

இதை நாம் வற்புறுத்தக் காரணமுண்டு. சிறு, குறு தொழில்களுக்கான 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணைப்படி, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களிடமிருந்து பெற வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாயின், 51 விழுக்காட்டுப் பங்கேனும் அவர்களிடம் இருத்தல் வேண்டும். ஆகவே நம் சாதிச் சான்றிதழுக்கும் விலை பேசுவோர் வரக்கூடும். "உன் பெயரை மட்டும் கொடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பர். அன்று பிறர் நிலத்தில் உழைத்து விளைச்சலைப் பிறருக்கே அளந்தோம். இன்று நம் பெயரில் பிறர் விளைவித்து, வழக்கும் அபராதமும் மட்டும் நமக்கு வருவதற்கு இடம் தரலாமா? பெயர் நம்முடையதாயின் பங்கும், வங்கிக் கணக்கும், முடிவெடுக்கும் உரிமையும் நம்முடையனவாக வேண்டும்.

இளைஞர்களே! மலிவானதென்று ஒரு சேவையைத் தேராதீர், விரைவானதென்றும் தேராதீர். நான்கு வினாக்களுக்கும் எழுத்தில் விடை தருவதும், சாவியை உங்கள் கையில் விட்டுச் செல்வதும் எதுவோ, அதனையே தேர்ந்தெடுங்கள். ஆவணத்தைப் படித்தறியாமல் கைநாட்டு வைத்து நிலம் இழந்தோர் நம் முன்னோருள் பலர். படிக்காமல் ஒப்பமிடும் நிலை நமக்கு வேண்டாம் என்பதற்காகவே இச்சங்கம் தோன்றியது. அக்கல்வி உங்கள் தொழிலுக்கும் காவலாகுக!

வாழ்க நம் சங்கம்! வளர்க இளைஞர் முயற்சி!