17 வருஷம் கழிச்சு ஒரு ஆல்பம்: இண்டஸ் க்ரீட் திரும்பி வந்த கதை

தருமபுரியில இருந்து பேசறேன். பழைய ராக் பேண்ட் திரும்பி வந்தா ஹிட் பாட்டுகளை மட்டும் மேடையில வாசிச்சுட்டுப் போனா போதாதா, எதுக்கு புது ஆல்பம்? இந்தக் கேள்வி நிறைய பேர்கிட்ட இருக்கு. 2023-ல ரோலிங் ஸ்டோன்ஸ் 'ஹாக்னி டைமண்ட்ஸ்' போட்டப்பவும் இதைத்தான் கேட்டாங்க. ஆனா ஸ்டோன்ஸ் கதை வேற. அவங்க டூர் போறதை நிறுத்தவே இல்ல, என்ன போட்டாலும் கேக்க உலகம் முழுக்க ஆள் இருக்கு. அப்படி எந்த உத்தரவாதமும் இல்லாத நம்ம ஊர் பேண்ட் ஒண்ணு இதே வேலையை 2012-லயே செஞ்சுது. அதான் இன்னைக்கு எபிசோட். பேண்ட் பேரு இண்டஸ் க்ரீட், ஆல்பம் பேரு 'எவால்வ்'.

முதல்ல பின்கதை. 1984-ல பம்பாயில 'ராக் மெஷின்'ங்கற பேர்ல ஆரம்பிச்சாங்க. அப்போ இந்தியாவுல ஒரு ராக் பேண்ட்னா வெளிநாட்டுப் பாட்டை அச்சு அசலா வாசிக்கணும். டீப் பர்ப்பிள் பாட்டை எவ்வளவு கரெக்டா வாசிக்கறாங்கன்னு பாத்துதான் கைதட்டு. இவங்களும் அங்கிருந்துதான் வந்தாங்க. ஆனா 1988-ல 'ராக் அண்ட் ரோல் ரெனெகேட்'னு முழுக்க சொந்தப் பாட்டுகளோட ஆல்பம் போட்டாங்க. 1990-ல 'தி செகண்ட் கமிங்'. 1993-ல பேரை இண்டஸ் க்ரீட்னு மாத்தினாங்க. கேபிள் டிவி வந்த புதுசுல 'ப்ரெட்டி சைல்ட்' வீடியோ எம்டிவி-யில ஓடுச்சு. 1995-ல பேண்ட் பேர்லயே ஒரு ஆல்பம். அதோட சரி. மியூசிக் சேனல்கள் எல்லாம் இந்தி சினிமாப் பாட்டுப் பக்கம் திரும்பிட்டிருந்த நேரம், 1997-ல பேண்ட் கலைஞ்சு போச்சு.

பாடகர் உதய் பெனகலும் கிடாரிஸ்ட் ஜெயேஷ் காந்தியும் நியூயார்க்ல 'ஆம்ஸ் ஃபார் சாந்தி'ன்னு வேற ஒரு பேண்ட் நடத்தினாங்க. மறுபடி இண்டஸ் க்ரீட் சேர்ந்தது 2010-ல. உதய், கிடாரிஸ்ட் மகேஷ் தினைகர், கீபோர்டு ஜூபின் பாலபோரியா, இந்த மூணு பேரும் பழைய ஆளுங்க. பேஸ் கிடார் வாசிக்க ருஷத் மிஸ்திரி, டிரம்ஸுக்கு ஜெய் ரோ கவின்னு ரெண்டு பேர் புதுசா வந்தாங்க.

இந்த ரெண்டு பேரை வெச்சுத்தான் எனக்கு இந்த ஆல்பமே புரிஞ்சுது. ஒரு ராக் பாட்டுக்கு அடித்தளமே பேஸும் டிரம்ஸும்தான். அந்த இடத்துல அடுத்த தலைமுறை ஆளுங்க வந்து உக்காந்தா, மேல பழைய ஆளுங்களே வாசிச்சாலும் பாட்டோட நடை மாறிடும். பழைய சத்தம் அப்படியே வேணும்னா புது ஆளுங்ககிட்ட, 'அந்த 1995 கேசட்டைக் கேட்டு அதே மாதிரி வாசி'ன்னு சொல்லியிருக்கலாம். எவால்வ்ல அது நடக்கலன்னு முதல் பாட்டு 'ஃபயர்ஃப்ளைஸ்'லயே தெரிஞ்சிடும். மொத்தம் எட்டுப் பாட்டு. ரெனெகேட் காலத்துல இருந்த அந்த 'எல்லாரும் கையைத் தூக்குங்க' கொண்டாட்டம் இதுல இல்ல. கனமான, அடுக்கடுக்கான, நின்னு நிதானமா போற இசை. மிக்ஸ் பண்ணினது பேர்ல் ஜாமோட 'டென்' ஆல்பத்தை மிக்ஸ் பண்ணின டிம் பால்மர்.

குறையே இல்லையான்னா, இருக்கு. சில பாட்டுகளை ஒரு நிமிஷம் முன்னாடியே முடிச்சிருக்கலாம். 'ப்ரெட்டி சைல்ட்' மாதிரி ஒரே தடவையில மனசுல ஒட்டிக்கற பாட்டைத் தேடினா ஏமாந்து போவீங்க. மூணாவது தடவை கேக்கும்போதுதான் எனக்கே பிடிபட்டுச்சு.

இன்னொரு விஷயம், வெளியிட்ட நேரத்தைப் பாருங்க. 2012-ல கேசட் கடை எல்லாம் மூடியாச்சு, சி.டி. வாங்கற ஆளும் குறைஞ்சாச்சு. ஐடியூன்ஸ் கடை இந்தியாவுக்கு வந்ததே அந்த வருஷம் டிசம்பர்லதான். ஸ்பாட்டிஃபை வர இன்னும் ஏழு வருஷம் இருந்துச்சு. அதாவது பழைய வழி அடைபட்டுப் போய், புது வழி சரியா திறக்காத நேரம். இங்கிலீஷ்ல பாடற ஒரு இந்திய ராக் பேண்ட் அப்போ ஆல்பம் போட்டா பணம் கொட்டும்னு யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. தெரிஞ்சேதான் போட்டாங்க.

மேடையில பழைய பாட்டை வாசிச்சா கூட்டமும் சேர்ந்து பாடும், சின்னச் சின்னத் தப்பு அதுல மறைஞ்சு போயிடும். ஸ்டுடியோவுல அந்தக் கூட்டம் கிடையாது. ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு, இப்போ நமக்கு என்ன வாசிக்க வருதுன்னு நேருக்கு நேரா கேட்டாகணும். நாப்பது வயசு தாண்டினதுக்கு அப்புறம், நாடே தெரிஞ்ச ஒரு பேரை வெச்சுக்கிட்டு அதைச் செய்ய துணிச்சல் வேணும்.

இதை நான் பேசறதுக்குக் காரணம் நம்ம செட்டுதான். காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல கிடார் வாசிச்சவங்க, பறை அடிச்சவங்க, ஷார்ட் ஃபிலிம் எடுத்தவங்க எத்தனை பேர் இப்போ பெங்களூர் பஸ்ல லேப்டாப் பையோட போயிட்டு வந்துட்டிருக்கோம்! கேட்டா, 'அதெல்லாம் அப்போ மச்சி, இப்போ டச் விட்டுப்போச்சு'ன்னு சொல்றோம். டச் விட்டுப்போனது நிஜம்தான். 20 வயசுல வாசிச்ச மாதிரி இனிமே வராது. அப்படி வரணும்னு எதிர்பாக்கறதாலதான் பாதிப் பேர் கிடாரை எடுக்கறதே இல்லன்னு நினைக்கறேன். இண்டஸ் க்ரீட் பழைய மாதிரி வாசிக்க முயற்சியே பண்ணல. இப்போ கையில என்ன இருக்கோ, கூட யார் இருக்காங்களோ, அதை வெச்சு வாசிச்சாங்க.

கேக்கறவங்களுக்கு ஒரு வரிசை சொல்றேன். முதல்ல 1995 ஆல்பம், அப்புறம் எவால்வ். நம்ம பஸ் ஸ்டாண்டுல ஏறி உக்காந்து எவால்வைப் போட்டா, கிருஷ்ணகிரி தாண்டறதுக்குள்ள முழுசா கேட்டு முடிச்சிடலாம். கேட்டுட்டு, நீங்க எதை விட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. இப்போ எப்படி வருதோ அப்படியே கொஞ்சம் வாசிச்சும் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன். பாக்கலாம் மக்களே.