மரமேறுவோர் அணியத்தக்க காலணி
(உரையின் எழுத்து வடிவம்)



1963 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள், அன்றைய பிரதமர் திரு லீ குவான் இயூ, ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். அதன்பின் ஆண்டுதோறும் நடப்பெற்ற மரங்கள் பல இன்று நம் குடியிருப்புப் பேட்டைகளுக்கு நிழல் தருகின்றன. அவற்றில் ஏறிக் கிளை கழிப்போருள் தமிழரும் உளர். அவர்கள் காலில் எதை அணிய வேண்டும் என்பதே என் பேச்சு.

“எங்கள் ஊர்ப் பனையேறி செருப்பா போட்டுக்கொண்டு ஏறினார்?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பனையேறி காலில் தளைநாரை மாட்டி, சொரசொரப்பான ஒடுங்கிய தண்டை வெறும் பாதங்களால் பற்றி ஏறுகிறார். தூங்குமூஞ்சி மரமோ கைகளுள் அடங்காது. கயிற்றின் துணையால் மேலேறி, கிளைக்கவட்டில் நெடுநேரம் நிற்க வேண்டும். உடலின் பாரமெல்லாம் உள்ளங்காலின் நடுவில் அழுந்தும். கையிலோ இயந்திர ரம்பம் இருக்கும்.

தேக்காவில் ஞாயிறன்று மலிவாகக் கிடைக்கும் கட்டுமான வேலைப் பூட்ஸ் போதுமென்று பலர் எண்ணுகின்றனர். அதன் எஃகு முனை, கல் விழுந்தால் விரலைக் காக்கும், மறுக்கவில்லை. ஆனால் கவட்டில் பாதத்தைச் செருகும்போது அதுவே விரல்களை நெரிக்கக்கூடும். மரத்தில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பகுதி. நடுவில் எளிதில் வளையாத உறுதியான தகடும், ஈரப் பட்டையிலும் பற்றும் ரப்பரும், கயிறு நழுவாதிருக்க எடுப்பான குதியும் வேண்டும். மேற்புறம் கணுக்காலை மூட வேண்டும். ரம்பம் பிடிப்போர், கேடயத்துள் ரம்பப் படம் பொறித்த காலணியையே தேர்க. அவ்வகையின் முதல் தரம், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலியை எதிர்த்துச் சோதிக்கப்படுவது. அதற்காகக் காலை ரம்பத்தருகே கொண்டுபோகலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா!

காலில் கட்டும் எஃகு முட்களை, வெட்டி அகற்றவிருக்கும் மரத்திலன்றி வேறெதிலும் பயன்படுத்தலாகாது. ஒவ்வொரு குத்தும் உயிருள்ள பட்டையில் ஒரு புண். அதன் வழியே பூஞ்சை புகுந்து மரம் உளுத்துப்போகக்கூடும்.

காலணியை மாலையில், வேலைக்கு அணியும் காலுறையுடன் போட்டுப் பாருங்கள். பகலெல்லாம் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். புதிதாயின் சில நாள் தரையில் அணிந்து பழகிய பின்னரே மரமேறுக.

விலைக்கு அஞ்சிப் பழையதோடு மரமேறுவோருக்கு ஒன்று சொல்வேன். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி முதலாளி தர வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்காக உங்கள் சம்பளத்தில் பிடித்தம் செய்தல் கூடாது. கேட்பதில் வெட்கமில்லை.

டிசம்பர், ஜனவரி மழையில் காலணி நனையாமல் இராது. உள்ளே செய்தித்தாளைத் திணித்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும், பசையும் விட்டுப்போகும். அடியிலுள்ள பற்கள் மழுங்கிய காலணியைக் கடைக்குப் போகவர வைத்துக்கொள்ளலாம், மரத்துக்குக் கொண்டுவராதீர்கள்.