மனநோயும் நம் ஜமாஅத்தும்
(குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முகாம் வைத்தால் நம் மண்டபம் நிறைந்துவிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். மருத்துவ உதவி கேட்டு வருகிறவர்களும் மருந்துச் சீட்டை மேசையில் விரித்து வைத்தே பேசுகிறார்கள். மனநல மருத்துவர் எழுதிய சீட்டு மட்டும் நாலாக மடித்துச் சட்டைப் பையிலேயே இருக்கிறது. எல்லோரும் போன பிறகுதான் வெளியே வருகிறது. பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் இது தெரிந்துவிடக் கூடாதே என்கிறார்கள். வட்டத்துக்கு வட்டம் எல்லோரும் எல்லோரையும் அறிந்த இந்த டவுன்ஷிப்பில் அந்தப் பயத்தைத் தவறென்று தள்ளிவிட முடியாது.

இரண்டு நோய்களைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறோம். ஒன்று மனச்சோர்வு. பாங்கு காதில் விழும், கண்ணும் விழித்திருக்கும், உடம்பு எழாது. ஒளுச் செய்யப் போவதே மலையேறுவது போலிருக்கும். இரவு ஷிப்ட் மாறி மாறி வந்து தூக்கம் கெடுகிறவர்களுக்கு இது இன்னும் கூடும். மற்றது ஏடிஹெச்டி எனும் கவனக்குறைபாடு. மதரஸாவில் ‘அடங்காத பிள்ளை’ என்று பெயர் வாங்கும் சிறுவர்களில் சிலருக்கு இருப்பது இதுதான். வளர்ந்த பிறகும் பலருக்குத் தொடர்கிறது. கரண்ட் பில் கட்ட மறப்பது, பத்து வேலையைத் தொடங்கி ஒன்றையும் முடிக்காதது, வீட்டில் தினமும் திட்டு. இப்படியே ஆண்டுகள் போனால் மனச்சோர்வும் கூட வந்து சேருகிறது.

இதை ஈமான் பலவீனம் என்று சொல்லிவிடுவது சுலபம். மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் கூறுகிறது. அவர்களுடைய ஈமானை யார் குறை சொல்வார்? பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் வரும் துக்கம் வேறு என்று பிரித்து, இரண்டாவதற்கு உடலுக்கும் மருந்து வேண்டும் என்று எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் எழுதிவைத்த விஷயம் இது.

மூடி மறைப்பதன் கடைசி எல்லையையும் நம் மாநிலம் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு மனநல இல்லத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஓதிப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஏர்வாடியிலேயே பிறகு தர்காவின் துஆவோடு மருத்துவரின் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் அரசுத் திட்டம் வந்தது. சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

மருந்து, துஆ இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும்: பக்கத்தில் உட்கார ஒரு ஆள். சென்னையில் 1986 முதல் நடக்கும் ‘ஸ்நேகா’வில் தற்கொலை எண்ணத்தோடு வருகிறவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பவர்கள் பயிற்சி பெற்ற சாதாரணத் தொண்டர்கள். மையத் வீட்டில் கூடிய பெண்கள் கலைந்த பிறகு, ஆயிஷா (ரலி) அவர்கள் ‘தல்பீனா’ எனும் கஞ்சியைக் காய்ச்சச் சொல்லி, மிச்சமிருந்த வீட்டாருக்குக் கொடுத்த செய்தி புகாரியில் இருக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதனால் மாதம் இருமுறை ஓர் அமர்வு தொடங்குகிறோம். வருகிறவர்கள் அதே நோயோடு வாழ்கிறவர்களாக இருப்பார்கள். மாத்திரை போட்டால் முதல் வாரம் எப்படி இருக்கும், மேலாளரிடம் லீவு எப்படிக் கேட்பது, மனைவியிடம் எதை எப்படிச் சொல்வது, இதெல்லாம் அந்த வழியில் நடந்தவருக்குத்தான் தெரியும். மதரஸா அறை தரலாம் என்று சிலர் அன்போடு சொன்னார்கள். அங்கே யார் நுழைந்தாலும் தெருவே பார்க்கும். ஆகவே எப்போதும் ஆள் வந்துபோகும் தையல் வகுப்புக் கூடத்தையே எடுத்திருக்கிறோம்.

அமர்வில் கேட்டது வெளியே போகக் கூடாது, அது அமானத். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வீட்டாருக்கும் மருத்துவருக்கும் சொல்வோம். ‘மாத்திரையை நிறுத்து’, ‘கூட்டிப் போடு’ என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. ரமளானில் இதில் இன்னும் கவனம் வேண்டும். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றபடி மருந்து நேரத்தை மாற்ற முடியுமா என்று நோன்பு வருமுன்பே மருத்துவரிடம் கேளுங்கள். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து. அவர்கள் கேட்காமல் நோன்பு பிடிக்கவே கூடாது. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை நாம் பறிக்க வேண்டாம்.

நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் அமர்வுக்குக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

ஆண்களுக்கு முதல், மூன்றாம் ஞாயிறு அஸருக்குப் பின். பெண்களுக்கு அதே நாட்களில் காலை 11 மணி. பதிவேடு கிடையாது. பெண்கள் அமர்வை நடத்த, சிகிச்சை எடுத்துத் தேறிவரும் சகோதரிகள் இருவர் தேவை. ஒருவர் முன்வந்திருக்கிறார். இன்னொருவரும் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும். தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.